போன்சாய் மரத்துக்கு விலை போடுவது எப்படி: 61 தொட்டிகளில் கற்ற கணக்கு

2019ஆம் ஆண்டு என் வீட்டுக்காரர் காலமானபோது வீட்டுக்குப் பின்னால் 61 போன்சாய் மரங்கள் இருந்தன. 16ஆம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. இறங்கியவர் துக்கம் விசாரித்தார், பின்புறம் போனார், ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,500 வெள்ளி தருகிறேன் அக்கா. இன்றைக்கே ஏற்றிக்கொள்கிறேன். உங்களுக்கும் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்" என்றார். என் மகனுக்குச் சம்மதம்தான். நான் ஒரு மாதம் தவணை கேட்டேன்.

விலை தெரிந்து நான் தவணை கேட்கவில்லை. அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன். 58 மரங்களை நடந்துகொண்டே பார்த்தவர், மூன்றின் முன்னால் மட்டும் நின்றார். குனிந்து, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றையும் கவனிக்காதவர் போல நகர்ந்துவிட்டார். அந்த மூன்றில் ஒன்றை இரண்டு வருடம் கழித்து 2,350 வெள்ளிக்கு விற்றேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்படி மரம் வளர்த்த ஆண்கள் பலர் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும், விலை தெரியாது. இதுவரை நான்கு குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டன. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக மரம் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். விற்பவர் எதைப் பார்க்க வேண்டுமோ அதையே வாங்குபவரும் பார்க்க வேண்டும்.

எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை 22 வருடம் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள் நான். போன்சாய் எனக்கு அந்நியமாக இருந்தது; மரப்பட்டை அந்நியமாக இல்லை.

முதல் கேள்வி: இதை உண்டாக்க எத்தனை வருடம்?

மரத்தின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, "இது இல்லாவிட்டால் நான் உண்டாக்க எத்தனை வருடம் ஆகும்?" என்று கேளுங்கள். பத்து வருடம் ஆகும் என்றால் அதற்கு விலை உண்டு. மூன்று வாரத்தில் வந்துவிடும் என்றால் அதற்கு விலை கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது.

பூவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனப் பெருநாள் நெருங்கும்போது வாட்டர் ஜாஸ்மின் மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தொங்கும். சீனர்கள் இதைச் சுய் மெய் என்பார்கள். நம் ஊர் வெட்பாலையின் இனத்தைச் சேர்ந்தது. கீறினால் பால் வரும். பெருநாளுக்குச் சில வாரம் முன்பு இலைகளை முழுவதும் கிள்ளிவிட்டால், புதுத் தளிரோடு மொட்டும் சேர்ந்து வரும். பூத்த மரத்தைப் பார்த்து மயங்கி 200 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூ பத்து நாளில் உதிர்ந்துவிடும். வேண்டுமானால் மறுபடி கிள்ளி வரவழைக்கலாம். விற்பவர் பூக்கும் நாளில் கடை விரிக்கட்டும், அதில் தவறில்லை. வாங்குபவர் பூவை மனத்திலிருந்து உதிர்த்துவிட்டு மரத்தைப் பார்க்க வேண்டும்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது, கெலாடி என்ற சேம்பு வகை அழகுச் செடிக்கு வந்த மவுசு நினைவிருக்கும். ஒரு இலைக்கு விலை பேசினார்கள். பிறகு அந்த விலை சரிந்தது. கிழங்கைப் பிரித்து நட்டால் ஒன்று பத்தாகிவிடும் செடி அது. எல்லாரிடமும் வந்துவிட்டால் யார் விலை கொடுப்பார்கள்? ஒரு கைப்பிடிப் பருமனுள்ள அடிமரத்தை அப்படிப் பெருக்க முடியாது. அதனால்தான் போன்சாய் விலை அப்படிக் குதிப்பதும் இல்லை, அப்படி விழுவதும் இல்லை.

வேரும் அடிமரமும்

விலையில் பாதிக்கு மேல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கிறது. லோரிக்காரர் குனிந்தது இதைப் பார்க்கத்தான்.

முதலில் வேர். மண்ணுக்கு மேல் தெரியும் வேர்கள் நாலா பக்கமும் விரிந்து தரையைப் பற்றியிருக்க வேண்டும். ஜப்பானியர்கள் இதை நெபாரி என்பார்கள். ஒரு பக்கம் வேர் தடித்து, மறு பக்கம் மொட்டையாக இருந்தால் விலை குறையும். பாசி போட்டு மூடியிருந்தால், அனுமதி கேட்டு ஒரு மூங்கில் குச்சியால் பாசியை ஓரமாக விலக்கிப் பாருங்கள். நல்ல வேர் உள்ளவர்கள் அதைப் பாசியால் மறைப்பதில்லை என்பது என் அனுபவம்.

அடுத்தது அடிமரம். கீழே பருத்து மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். தையல் நாடாவை வேருக்குச் சற்று மேலே சுற்றி அளந்து, 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். மரத்தின் உயரம் அந்தக் குறுக்களவைப் போல ஆறு மடங்குக்குள் இருந்தால், சின்ன உருவத்தில் பெரிய மரத்தின் தோற்றம் வந்துவிடும். இது கண்ணுக்கு உதவும் ஒரு பொது அளவுதான். நெடிது வளர்ந்து சாயும் பாணி மரங்களுக்குப் பொருந்தாது. பத்து, பன்னிரண்டு மடங்கு உயரமுள்ள நேர்க்கம்பு மாதிரி மரத்துக்குத் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதிகம் கொடுப்பதில்லை.

அடிமரம் சின்னத் தொட்டிக்குள் பருக்காது என்பதை நினைவில் வையுங்கள். தரையிலோ பெரிய பானையிலோ தாராளமாக வளர விட்டு, பருத்த பிறகு வெட்டி, மறுபடி வளர விட்டு, மறுபடி வெட்டித்தான் அந்தச் சரிவை உண்டாக்குகிறார்கள். மெல்லிய மரத்தைத் தொட்டியில் வைத்துக்கொண்டு "போகப் போகப் பருக்கும்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். நடுவில் எங்காவது மரம் கீழே இருப்பதைவிட மேலே தடித்திருந்தால், அது எளிதில் தீராத குறை. ஒரே இடத்தில் நாலைந்து கிளையை விட்டுவைத்தால் அப்படி வீங்கிவிடும்.

கட்டைவிரலால் பார்ப்பது

பால்மரம் வெட்டும்போது உளி பட்டைக்குள் மட்டும் போக வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, நூல் கனத்தில், மரத்தை வளர்க்கும் படலம் இருக்கிறது. அதை உளி தொட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் வரும் புதுப்பட்டை மேடு பள்ளமாக, முண்டு முண்டாக வரும். அடுத்த முறை அங்கே உளி ஓடாது. எங்கள் கங்காணி அதைக் கண்ணால் பார்க்க மாட்டார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். விடியற்காலை இருட்டில் 22 வருடம் வெட்டியதில் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஈப்போ பக்கம் ஒருவர் ஓர் இச்சி மரத்துக்கு 3,000 வெள்ளி சொன்னார். மலாயில் ஜெஜாவி என்பார்களே, அதுதான். "அக்கா, இதன் முகப்பில் ஒரு வெட்டுக்கூட இல்லை, பாருங்கள்" என்றார். கண்ணுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்து வந்தேன். இச்சிப் பட்டை வழுவழுப்பாக இருந்தாலும் அதில் குறுக்கே மெல்லிய வரிகளும் சின்னச் சின்னப் புள்ளி மேடுகளும் உண்டு. ஒரு 50 காசு அகலத்துக்கு அந்த வரி நின்றுபோய், மறுபடி தொடங்கியது. நகத்தால் அழுத்தினேன், நகம் பதிந்தது. காயத்தில் பசை அப்பி, அதன் மேல் பட்டைத் தூளை ஒட்டி வைத்திருந்தார்கள். பேசாமல் கையை எடுத்துக்கொண்டேன். அவரே விலையை 2,200ஆகக் குறைத்தார். நான் வாங்கவில்லை. காயம் இருந்தது எனக்குப் பெரிய குறையில்லை. இச்சி காயத்தை நன்றாக மூடக்கூடிய மரம், நாலைந்து வருடத்தில் மூடியிருக்கும். மறைத்த கை வேறு எதை மறைத்ததோ என்றுதான் விட்டுவிட்டேன்.

நீங்களும் விரலைப் பயன்படுத்துங்கள். மூன்று விஷயம் விரலுக்குத் தெரியும். ஒன்று, இப்படி மறைத்த காயம். இரண்டு, கம்பித் தழும்பு. அலுமினியக் கம்பியை நாள் கடந்து விட்டுவைத்ததால் திருகுபோலப் பதிந்த வடு. மூன்று, பல மெல்லிய செடிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே மரமாக ஒட்ட வைத்த இணைப்பு. இச்சியில் இந்த ஒட்டு வேலை நன்றாக வரும். பல வருடம் ஆகி முழுவதும் ஒன்றிவிட்டால் மதிப்புதான். இடுக்குகளில் விரல் நுனி இன்னும் நுழைகிறது என்றால் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

காயம் எந்த மரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே கழிக்கும் தொகை. வாட்டர் ஜாஸ்மினின் கட்டை மென்மையானது. பெரிய வெட்டு இருந்தால் மூடுவதற்குள் உள்ளே உளுத்துப்போகும். அதற்கு நிறையக் கழிப்பேன். கெமுனிங் மரமோ கெட்டியானது, கெரிஸ் கத்திக்குப் பிடி செய்த மரம். அதில் காயம் மெதுவாக மூடும், ஆனால் சட்டென்று உளுக்காது.

வயது சொல்லி விலை கேட்டால்

"150 வருட மரம்" என்ற பேச்சை அடிக்கடி கேட்பீர்கள். குளிர்நாட்டு மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். நம் ஊரில் வருடம் முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி இருப்பதால் பல மரங்களில் அந்த வளையம் தெளிவாக விழாது. அறுத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாத வயதை, தொட்டியில் நிற்கும் மரத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதோடு, இங்கே தரையில் நட்ட இச்சி பத்து வருடத்தில் காட்டும் பருமனைக் குளிர்நாட்டுப் பைன் காட்ட இன்னும் பல வருடம் ஆகும். ஜப்பான் மரத்தின் வயதுக் கணக்கை நம் மரத்துக்கு மாற்றிப் போடக்கூடாது.

வயதுக்கு விலை உண்டா என்றால், எழுத்தும் சாட்சியும் இருந்தால் உண்டு. அமெரிக்காவின் தேசிய மரப் பூங்காவில் யாமாகி பைன் என்ற ஒரு மரம் இருக்கிறது. 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் வளர்வது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே இருந்து பிழைத்தது. 1976இல் யாமாகி குடும்பம் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்த மரத்தின் வயதை யாரும் பேரம் பேசத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக யார் கையில் இருந்தது என்பது தெரியும். தோக்கியோவில் 1934இல் தொடங்கிய கொக்குஃபு போன்சாய்க் கண்காட்சியில் இடம்பெற்ற மரத்துக்கு மதிப்பு ஏறுவதும் இதே காரணத்தால்தான். பல தேர்ந்த கண்கள் பார்த்துச் சம்மதித்த சான்று அது.

நம் வீட்டு மரத்துக்கும் இப்படி ஒரு சான்றை உண்டாக்கலாம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலன்றும் நல்ல மரங்களைப் படம் எடுப்பார். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒரு மைலோ டின்னை வைப்பார். தகரம் நெளிந்த அதே டின். படத்தின் பின்னால் வருடத்தை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். நான் அதை ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை. விற்க ஆரம்பித்தபோது அந்த டப்பாதான் எனக்குக் கைகொடுத்தது. 2004இல் டின்னின் பாதிப் பருமன் இருந்த அடி, 2018இல் டின்னைவிடத் தடிமனாக இருப்பதைப் பார்த்தவர்கள் வயதைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை. படங்கள் உள்ள மரங்களை, இல்லாத மரங்களைவிட நல்ல விலைக்கு, குறைந்த பேரத்தில் கொடுத்தேன். உங்களிடம் மரம் இருந்தால் இந்த வாரமே படம் எடுக்கத் தொடங்குங்கள்.

எந்த மரம் என்பதும் விலைதான்

நம் வட்டாரத்தில் எளிதில் கைமாறுபவை வாட்டர் ஜாஸ்மின், இச்சி, காகிதப்பூ, கெமுனிங், சவுக்கு, மெந்திகி. இவற்றில் மெந்திகிக்குத்தான் எப்போதும் மேல்விலை. கடலோரப் பாறையிலும் உப்புக்காற்றிலும் வளர்வது. மெதுவாகத்தான் பருக்கும், இரும்புபோன்ற கட்டை. காற்று முறுக்கிய அடிமரத்தைத் தோட்டத்தில் உண்டாக்க ஒருவரின் ஆயுள் போதாது என்பதால் காட்டில் தோண்டி விற்கிறார்கள். எங்கே தோண்டியது என்று கேளுங்கள். ஒதுக்கப்பட்ட வனத்திலிருந்து உரிமம் இல்லாமல் எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். பதில் மழுப்பலாக இருந்தால் எனக்கு அந்த மரம் வேண்டாம்.

இப்படி வேரை அறுத்துத் தோண்டி வந்த அடிக்கட்டையில் இன்னொரு ஆபத்து. 2020 இறுதியில் ஒரு மெந்திகிக் கட்டையை 650 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கும்போதே ஐந்து இடத்தில் தளிர் இருந்தது. நான்கு மாதம் இலை விட்டது, ஐந்தாம் மாதம் ஒரே வாரத்தில் எல்லாம் கருகியது. பிடித்து இழுத்தேன், நட்டுவைத்த வேலிக்கம்புபோல அப்படியே கையோடு வந்தது. அடியில் ஒரு வெள்ளை வேர்கூட இல்லை. அறுத்த இடம் அறுத்தபடியே இருந்தது. கட்டைக்குள் சேமித்து வைத்திருந்த சத்தைக் கொண்டு அது இலை விட்டிருக்கிறது, சத்து தீர்ந்ததும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து, தளிர் வந்த கட்டைக்கு மரத்தின் விலையை நான் கொடுப்பதில்லை. தொட்டியில் ஒரு வருடம் முழுதாக இருந்திருக்க வேண்டும், அடியை லேசாக அசைத்தால் மண்ணும் சேர்ந்து அசைய வேண்டும், தொட்டியின் அடித் துளையில் வேர்நுனி தெரிய வேண்டும். அதற்கு முன் வாங்குவதானால், செத்துப்போனாலும் வருந்தாத தொகையை மட்டும் கொடுங்கள்.

வெளிநாட்டு மரங்களைப் பற்றி ஒரு சொல். ஜப்பான் மேப்பிளுக்குக் குளிர்கால ஓய்வு தேவை. சுங்கை சிப்புட் வெயிலில் அது கிடைக்காது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இறக்குமதி மரம் என்று சொல்லி விலை ஏற்றினால், இறக்குமதி அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தொட்டியைத் தனியாக விலை போடுங்கள்

இது நான் இழந்து கற்றது. முதல் மாதத்தில் ஒரு கெமுனிங்கைத் தொட்டியோடு 150 வெள்ளிக்குக் கொடுத்தேன். பாதிக் கிளை காய்ந்துபோன மரம். யாராவது காப்பாற்றட்டும் என்று நினைத்தேன். வாங்கியவர் மரத்தை அதிகம் பார்க்கவில்லை, தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். அதை நான் கவனித்தும் புரிந்துகொள்ளவில்லை. பிறகு என் வீட்டுக்காரரின் சிநேகிதரான ஒரு சீனப் பெரியவர் வந்தார். ஊரில் இரும்புக் கடை வைத்திருந்தவர், எங்களுக்குத் தௌக்கே, அதாவது முதலாளி. அவர்தான், அது சீனாவின் யிக்சிங் ஊர்க் களிமண்ணில் செய்த பழைய தொட்டி, அடியில் சூளைக்காரரின் முத்திரை இருந்தது, மரம் இல்லாமலே பல நூறு வெள்ளி பெறும் என்று சொன்னார். அவர் வருத்தப்பட்ட அளவுக்கு நான் வருத்தப்பட அன்றைக்கு எனக்கு விவரம் போதவில்லை.

அன்று மாலையே மீதித் தொட்டிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து அடியைப் பார்த்தோம். முத்திரை உள்ளவை இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று யிக்சிங், ஒன்று ஜப்பானின் தொக்கொனாமே. முத்திரை இருந்தாலே பழையது என்று நம்பிவிடக் கூடாது, புதுத் தொட்டியிலும் முத்திரை குத்துகிறார்கள். ஆனால் முத்திரை உள்ள தொட்டியை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கைமாற்றக் கூடாது. மரத்தைச் சாதாரணத் தொட்டிக்கு மாற்றி விற்கலாம். தொட்டியைத் தனியே விற்கலாம்.

என் நோட்டுப் புத்தகக் கணக்கு

200 பக்க நோட்டில் மரத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். லோரிக்காரர் குனிந்து பார்த்த அந்த வாட்டர் ஜாஸ்மினின் பக்கத்தை அப்படியே சொல்கிறேன்.

2004இல் கட்டையாக வாங்கிய விலை 120 வெள்ளி. உரம், மண், கம்பி, மருந்து, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தர மரத்துக்கு மாதம் 5 வெள்ளி, வருடம் 60 என்று வைத்துக்கொண்டேன். 2021 வரை 17 வருடத்துக்கு 1,020. சாதாரணத் தொட்டி 80. மொத்தம் 1,220. இது அடக்க விலை. நல்ல மரத்தை இதற்குக் கீழே கொடுப்பதில்லை. கத்தரித்த கைக்கும் கண்ணுக்கும் இதில் கூலி போடவில்லை. அதை அடுத்த படி சொல்லும்.

அடுத்த படி ஒப்பீடு. இதே வகையில், இதே பருமனில் விற்ற மூன்று மரங்களைத் தேடினேன். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. பேஸ்புக்கில் போடும் விலை கேட்ட விலை. தௌக்கேயும் அவர் நண்பர்களும் வாங்கிக் கொடுத்த மரங்களின் விற்ற விலைகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன்: 1,800, 2,300, 2,900. பிறகு என் மரத்தை அவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிச்சுற்று 38 செண்டிமீட்டர், குறுக்களவு 12 செண்டிமீட்டர், உயரம் 62. ஐந்து மடங்குதான், மிக நல்ல விகிதம். 2,900க்குப் போன மரத்துக்கு நாலா பக்கமும் வேர். என்னுடையதற்குப் பின்பக்கம் வேர் இல்லை. 1,800க்குப் போனதற்கு முகப்பில் மூடாத காயம். என்னுடையதில் காயம் சின்னது, பின்னால். கிளைகள் ஆறு முறை பிரிந்திருந்தன. ஒவ்வொரு பிரிவும் ஒரு முறை வளர விட்டு ஒரு முறை வெட்டிய வேலை; அதில் 2,300 மரத்தைவிட என்னுடையது மேல். 2,600 சொன்னேன், 2,350க்கு முடிந்தது. வாங்கியவரும் நானும் மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்தோம்.

சரிசெய்யக்கூடிய குறைக்கும் முடியாத குறைக்கும் ஒரே மாதிரி கழிக்காதீர்கள். இலை மஞ்சளிப்பு, மாவுப்பூச்சி, காடாக வளர்ந்த கிளை, பொருந்தாத தொட்டி இவற்றுக்கு ஒரு வருடம் போதும். செலவை மட்டும் கழியுங்கள். நல்ல அடிமரம் உள்ள, பராமரிப்பில்லாத மரம் கண்ணில் பட்டால் வாங்குபவருக்கு அது அதிர்ஷ்டம். இச்சியில் வேர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால்கூட விண்பதியம் போட்டு, அதாவது அடிமரத்தைச் சுற்றிப் பட்டையைச் சீவி ஈரப் பாசி கட்டி, இரண்டு மூன்று வருடத்தில் நாலா பக்கமும் வேர் எடுக்கலாம். அதே குறை கெமுனிங்கில் இருந்தால் நான் பாதி விலைக்கு இறங்கிவிடுவேன்.

விற்கும்போதும் கொடுக்கும்போதும்

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மொத்தமாக வாங்குபவர் மூன்று நல்ல மரத்துக்கு விலை போட்டு, மீதியை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகிறார். அந்த 61இல் 27 மரங்களை ஆறு வருடத்தில் ஒவ்வொன்றாக 19,850 வெள்ளிக்கு விற்றேன். நான்கு செத்தன, மூன்றைச் சொந்தத்துக்குக் கொடுத்தேன். கெமுனிங் கதையைச் சொல்லிவிட்டேன். மீதி 26 இன்னும் நிற்கின்றன.

விற்கும் வரை மரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பது சாதாரணப் பேச்சுபோலத் தோன்றும். 2019 ஜனவரியில் ஜப்பானின் கவாகுச்சி நகரில் ஒரு தம்பதியின் தோட்டத்தில் ஏழு போன்சாய்களைத் திருடிவிட்டார்கள். ஷிம்பாக்கு என்ற 400 வருட ஜூனிபர் மரமும் அதில் ஒன்று. மொத்த மதிப்பு 1 கோடியே 30 லட்சம் யென்னுக்கு மேல். அந்தத் தம்பதி, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முறையைத் திருடனுக்கு எடுத்துச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள். ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் கோடியும் விறகு என்பது அவர்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் முதலில் தவறிப்போவது இதுதான். என் நான்கு மரங்களும் காரியத்துக்கு முந்திய அந்த இரண்டு வாரத்தில் காய்ந்தவை. வீட்டில் பெரியவர் படுத்துவிட்டால், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை உடனே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பணத்தை முழுதாக வாங்கிய பிறகே மரத்தை ஏற்றுங்கள். முன்பணம் கொடுத்து நிறுத்தி வைத்தால் ஒரு மாதம் என்று தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மரத்தைக் காலை பத்து மணிக்கு முன் அனுப்புவது நல்லது. திறந்த வண்டியில் காற்று அடித்தால் இலை சுருண்டுவிடும். ஈரச் சாக்கால் தொட்டியைச் சுற்றி, அடிமரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். புது இடத்தில் மூன்று மாதம் தொட்டி மாற்ற வேண்டாம், இலை கிள்ள வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

பொங்கல் படங்களை உறையில் போட்டு மரத்தோடு கொடுத்துவிடுவேன். நகல் ஒன்று என் நோட்டில் இருக்கும். அடுத்த பொங்கலுக்கு ஒரு மைலோ டின்னைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அந்தப் படத்தில் மரம் எவ்வளவு பருத்தது, எந்தக் கிளை மாறியது என்று அந்தந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். மறுபடி விலை கேட்டு யாராவது வந்தால் அதுதான் எனக்குக் கணக்கு. 27 பேரில் 19 பேர் தவறாமல் அனுப்புகிறார்கள்.